ஏழாம் நாள் பாகற்காய்

இலையின் மேல் மஞ்சள் கட்டங்கள்.
திருப்பினால் அடியில் சாம்பல் பூத்திருந்தது.
ஐப்பசி மழை விட்டு நான்கு நாள்;
வில்லிவாக்கம் மாடியில் எதுவும் காயவில்லை,
துணி, தளம், பாகல் கொடி.
தப்பு என்னுடையதும்தான்.
ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படர விட்டு
அடர்த்தியைப் பார்த்துப் பெருமைப்பட்டவன் நான்.

முதலில் கத்தரிக்கோல்.
நோய் பிடித்ததை வெட்டிப் பையில் கட்டியதும்
பந்தலுக்குள் வெளிச்சம் வந்தது.
அப்படியும் நிற்கவில்லை.

பெயின்ட் ஷாப்பில் இருபத்திரண்டு வருடம்.
ரயில் பெட்டிக்கு நீலம் அடிக்கிறவனுக்குத் தெரியும்,
குழல் முனையை விட்ட பிறகு
அது நம் பேச்சைக் கேட்காது.
சேர்ந்த புதிதில் ஒரு நாள் முகமூடி போடவில்லை.
அன்றிரவு கைக்குட்டையில் சளி நீலமாய் வந்தது.

பாக்கெட்டின் எழுத்து எறும்பு வரிசை.
மனைவியின் கண்ணாடியை வாங்கிப் போட்டு வாசித்தேன்:
லிட்டருக்கு இரண்டு கிராம்.
"நாலா போடுங்க சார், சட்டுனு கேக்கும்"
என்றிருந்தார் கடைக்காரர்.
சின்னத் தராசு ஒன்று வாங்கினேன்.
இனி அது சமையலறைக்குள் போகாது,
கலக்கிய குச்சியும் போகாது.

ஐந்தே முக்கால்.
கடற்காற்று எழ இன்னும் நேரமிருக்கிறது.
ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்திப் பிடித்தேன்;
புகை நேராய் ஏறியது.
சின்டெக்ஸ் மூடியை இறுக்கினேன்.
அடுத்த மாடிக் கொடியில் ஒரு பள்ளிச் சீருடை.
"பெனடிக்டா, துணி!"
பாதித் தூக்கத்தில் திட்டிக்கொண்டே வந்து எடுத்தாள்.

முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி, முகமூடி.
தினம் வாலாட்டும் எதிர்வீட்டு நாய்
என்னைத் தெரியாமல் குரைத்தது.
இலையின் அடி, பிறகு மேல்.
சொட்டுவதற்கு முன் நிறுத்து.
தெளிப்பானை மூன்று தடவை அலசிய தண்ணீரும்
சாக்கடைக்குப் போகாமல் அதே கொடிக்கு.

காலிப் பாக்கெட்டைத் தனியாகக் கட்டி,
மேலே 'மருந்து' என்று எழுதி
பேட்டரி வண்டிக் குமுதவல்லியிடம்
சொல்லிக் கொடுத்தேன்.
"இத்தினி வருசத்துல
சொல்லிக் குடுத்த ஆளு நீதான்" என்றாள்.
பாராட்டு மாதிரி இல்லை அது.

பந்தலில் ஓர் அட்டை கட்டினேன்:
அடித்தது வெள்ளி.
அடுத்த வெள்ளி வரை பறிக்காதே.

மூன்றாம் நாள் பெனடிக்டா
கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள்.
அவள் கணவருக்குச் சர்க்கரை.
ஐந்து காய்கள், முள் முள்ளாய், கைக்கெட்டும் தூரத்தில்.
"வெள்ளிக்கிழமை தர்றேன்."
"ரெண்டு பாவக்காய்க்கு நாள் நட்சத்திரமா?"
கழுவினால் போய்விடும் என்றாள்.
எல்லாமும் போகாது என்றேன்.
துணியை உதறிய உதறலில்
அவளுக்கு நான் யாராகிவிட்டேன் என்று புரிந்தது.

நான் நாள் எண்ணினேன். காய்கள் எண்ணவில்லை.
ஐந்தாம் நாள் ஒன்று மஞ்சளாகி விழுந்தது.
ஆறாம் நாள் இரண்டு வெடித்து
சிவந்த விதைகளைக் காட்டிக்கொண்டு தொங்கின.
"பேசாம குடுத்திருக்கலாம்" என்றாள் மனைவி,
கண்ணாடியைத் துடைத்தபடி.

வெள்ளிக்கிழமை மிஞ்சியது இரண்டு.
சுவர் தாண்டி நீட்டினேன்.
"நேத்தே கோயம்பேட்டுல அரைக் கிலோ
வாங்கியாந்துட்டாரு."

அந்த அரைக் கிலோவுக்கு
எந்த ஊரில், எந்தக் காற்றில்,
யார் அடித்தார்கள்,
யார் நாள் எண்ணினார்கள்?
வாய் வரை வந்தது. கேட்கவில்லை.
முகமூடி போடாமலே
சில நேரம் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இரண்டையும் சுவர் மேல் வைத்துவிட்டு
ஷிப்டுக்கு இறங்கினேன்.
மறுநாள் காலை சுவர் வெறுமையாய் இருந்தது.

அணிலாகவும் இருக்கலாம்.